0.3 மில்லிவோல்ட்டைக் கணினிக்குள் கொண்டு சேர்த்தது: கீழக்கரை வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பழைய இசைத்தட்டுகளைக் கணினியில் பதியப் பார்த்த வீட்டின் புகார் நான்கு. தட்டு சுற்றுகிறது, ஊசி ஓடுகிறது, ஆனால் கணினித் திரையில் ஒலிக்கோடு அசையாமல் படுத்துக் கிடக்கிறது. அளவைக் கூட்டினால் பாட்டோடு சேர்ந்து ஹம் என்னும் மின் உறுமலும் ஏறுகிறது. முழுசாகக் கூட்டினால், பாட்டுக்குப் பின்னால் யாரோ வானொலியில் பேசுகிறார்கள். இதற்கு நடுவில் வலது பக்கம் அவ்வப்போது செத்துப்போய் மறுபடி உயிர்க்கிறது.

இடம் கீழக்கரை. கடற்கரையிலிருந்து சில தெருக்கள் உள்ளே தள்ளி ஒரு பழைய வீடு. வீட்டுக்காரரின் வாப்பா கொழும்பில் வியாபாரம் செய்த காலத்தில் சேர்த்த இசைத்தட்டுகள் ஒரு மர அலமாரி நிறைய இருக்கின்றன. நாகூர் ஹனிபா தட்டுகள், அறுபது எழுபதுகளின் சினிமாப் பாட்டு இ.பி.க்கள், சில கர்நாடக சங்கீத எல்.பி.க்கள், கீழ்த்தட்டில் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகள் கொஞ்சம். பேரப்பிள்ளைகள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இது போய்ச் சேர வேண்டும் என்பது குடும்பத்தின் ஆசை. வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் அதற்கான சாதனங்களை வாங்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டு விடுமுறை முடிந்து திரும்பிவிட்டார். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிள், அதில் டெனான் டிஎல்-103 மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்னழுத்தமாக்கும் பகுதி), இரண்டு மைக் இன்புட்டும் லைன் இன்புட்டும் கொண்ட ஒரு யுஎஸ்பி ஆடியோ கன்வெர்ட்டர் (ஒலியைக் கணினிக்கான எண்களாக மாற்றும் பெட்டி), ஒரு லேப்டாப்.

பதிவு சரியாக வரவில்லை என்றதும், கன்வெர்ட்டர்தான் மட்டம், 192 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 1,92,000 முறை அளந்து) பதியும் விலை கூடிய பெட்டி வாங்குங்கள் என்று ஒரு கடையில் சொல்லியிருக்கிறார்கள்.

"அதையும் வாங்கிரலாமா தம்பி?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அண்ணன் என்ற பொருளில் அவரை நான் காக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"வேணாம் காக்கா. இந்தப் பெட்டி வரைக்கும் பாட்டே இன்னும் போய்ச் சேரலை."

இந்த ஆய்வில் நான் சொல்ல வருவது முழுக்க அந்தப் பதிலுக்குள்தான் இருக்கிறது. மூவிங் காயில் கார்ட்ரிட்ஜைக் கணினியோடு இணைக்கும்போது ஒலியின் தரத்தைத் தீர்மானிப்பது ஊசியிலிருந்து, அதைப் பெருக்கும் முதல் டிரான்சிஸ்டர் வரையுள்ள கொஞ்ச தூரம். அதற்குப் பிறகு வரும் கன்வெர்ட்டர், அங்கே தொலைந்ததைத் திருப்பித் தராது. அதுவும் நம் கடற்கரையில் அந்தக் கொஞ்ச தூரத்துக்கு எதிரிகள் அதிகம்.

எவ்வளவு சின்ன மின்னழுத்தம்

சாதாரண மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜில் ஊசிக்கம்பியின் முனையில் காந்தம் இருக்கும். அது ஆட, பக்கத்தில் நிலையாக இருக்கும் காயிலில் (கம்பிச்சுருளில்) மின்னழுத்தம் பிறக்கும். நிலையான காயிலில் எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றலாம். அதனால் 3 முதல் 5 மில்லிவோல்ட் வரை கிடைக்கிறது. மூவிங் காயிலில் இது தலைகீழ். காயிலே ஊசியோடு சேர்ந்து ஆட வேண்டும். கனம் கூடினால் ஊசியால் நுணுக்கமான அசைவைத் தொடர முடியாது என்பதால், மெல்லிய கம்பியில் சில சுற்றுகள்தான் சுற்ற முடியும். ஒலி நுணுக்கமாக வரும், மின்னழுத்தம் குறையும்.

டிஎல்-103 ஜப்பானின் என்எச்கே ஒலிபரப்பு நிறுவனத்தின் தேவைக்காக 1960களில் உருவானது. இன்றும் கிடைக்கிறது. அதன் வெளியீடு 0.3 மில்லிவோல்ட், உள்மின்தடை 40 ஓம், ஊசி அழுத்தம் 2.5 கிராம், எடை 8.5 கிராம். இந்த டர்ன்டேபிளின் டோன் ஆர்முக்கு (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கைக்கு) அந்த எடை பிரச்சினையில்லை. எடையும் சாய்வும் மகன் சரியாகவே வைத்திருந்தார். அந்தப் பக்கம் நான் கை வைக்கவில்லை.

வீட்டு ஆடியோ சாதனங்களின் லைன் அளவு சுமார் 0.3 வோல்ட். அதாவது கார்ட்ரிட்ஜ் தருவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 60 டெசிபல் குறைவு. மகன் முதலில் செய்தது நேராக லைன் இன்புட்டில் செருகியது. திரையில் கோடு அசையாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பிறகு வீட்டில் இருந்த பழைய ஆம்ப்ளிஃபையரில் இசைத்தட்டுக்கென்று உள்ள போனோ இன்புட் வழியாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். அது மூவிங் மேக்னட்டுக்கானது. 40 டெசிபல், அதாவது நூறு மடங்குதான் பெருக்கும். 0.3 மில்லிவோல்ட் 30 மில்லிவோல்ட் ஆகும். 2 வோல்ட்டில் நிரம்பும் கன்வெர்ட்டரில் அது மைனஸ் 36 டெசிபலில் போய் விழும். அதைப் பின்னால் மென்பொருளில் தூக்கினால் ஆம்பின் சீறலும் கூடவே தூக்கப்படும். கடைசியாக மைக் இன்புட்டுக்குப் போயிருக்கிறார். ஹம்மும் வானொலியும் வந்து சேர்ந்தது அங்கேதான்.

மைக் இன்புட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை, இதை எல்லோரும் கவனிக்க வேண்டும். கன்டென்சர் மைக்குகளுக்காக அதில் 48 வோல்ட் பேன்டம் பவர் பொத்தான் இருக்கும். ஒவ்வொரு கம்பிக்கும் 6.8 கிலோஓம் வழியாக அது போகிறது. டர்ன்டேபிளின் ஆர்சிஏ கேபிளைச் சாதாரண அடாப்டர் வைத்து எக்ஸ்எல்ஆரில் (மூன்று பின் மைக் சாக்கெட்டில்) செருகும்போது ஒரு பக்கம் கிரவுண்டோடு ஒட்டிவிடும். அப்போது அந்தப் பொத்தான் தெரியாமல் அழுந்தினால் முடியளவு மெல்லிய காயில் வழியே 7 மில்லிஆம்பியர் பாயும். மூவிங் காயிலில் ஊசியை மட்டும் மாற்ற முடியாது, கார்ட்ரிட்ஜே போகும். நான் பொத்தானின் மேல் டேப் ஒட்டிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்கினேன். இந்த வீட்டில் அது அழுத்தப்படவே இல்லை, நல்லவேளை.

வலது பக்கம் ஏன் சாகிறது

இந்தக் கோளாறுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் இது இந்த மண்ணின் கோளாறு. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எந்தக் கடலோர வீட்டிலும் இது வரலாம்.

கார்ட்ரிட்ஜின் பின்னால் நான்கு ஊசிமுனைகள். வெள்ளையும் நீலமும் இடதுக்கு, சிவப்பும் பச்சையும் வலதுக்கு. கோளாறு கார்ட்ரிட்ஜிலா வெளியிலா என்று பார்க்க, மல்டிமீட்டரை வைத்து காயிலின் ஓம் அளக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் அந்தக் காயிலுக்கு நல்லதல்ல. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஹெட்ஷெல்லில் (கார்ட்ரிட்ஜ் மாட்டியிருக்கும் தலைப்பகுதியில்) இடது வலது கம்பிகளை மாற்றிச் செருகிப் பார்ப்பது பத்திரமான வழி. மாற்றிய பிறகும் அதே ஸ்பீக்கர்தான் செத்தது. ஆகவே கார்ட்ரிட்ஜ் நன்றாக இருக்கிறது, கோளாறு அதற்குப் பிறகு.

லென்ஸ் வைத்துப் பார்த்ததில் ஹெட்ஷெல் டோன் ஆர்மோடு சேரும் இடத்தில், வலதுக்கான ஒரு முனையில் பச்சைப் படலம் தெரிந்தது. உப்புக்காற்றில் செம்பு பூக்கும் அதே களிம்பு. பார்த்தால் அற்பம். ஆனால் இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். வீட்டு சுவிட்சில் 230 வோல்ட் இருக்கிறது. மெல்லிய ஆக்சைடு படலம் இருந்தாலும் அந்த அழுத்தம் அதை உடைத்துக்கொண்டு போய்விடும். ஸ்பீக்கர் கம்பியில் சில வோல்ட் இருக்கும். அங்கேயும் பெரும்பாலும் தப்பித்துவிடும். 0.3 மில்லிவோல்ட்டுக்கு அந்தச் சக்தி கிடையாது. படலம் இருந்தால் இருந்ததுதான். லேசாக அசைந்தால் தொடும், அடுத்த அசைவில் விடும். அதனால்தான் மற்ற சாதனங்கள் எல்லாம் ஒழுங்காக ஓடும் வீட்டில் மூவிங் காயில் மட்டும் சண்டித்தனம் செய்கிறது.

ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்தேன். ஹெட்ஷெல், டோன் ஆர்ம் முனைகள், கேபிளின் ஆர்சிஏ முனைகள் எல்லாவற்றையும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. மேலே உள்ள முலாம் போய்விட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் முன்னைவிட மோசமாகப் பூத்துவிடும். கார்ட்ரிட்ஜ் முனைகளில் சால்டரிங் இரும்பு கிட்டேயே போகக் கூடாது. காந்தம் பலமானது என்பதால் இரும்பு ஸ்க்ரூ டிரைவரையும் தள்ளி வைத்துக்கொள்வது நல்லது. வலது பக்கம் அன்றோடு நிலைத்துவிட்டது. பயன்படுத்தாதபோது ஹெட்ஷெல்லைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வைக்கும்படி காக்காவிடம் சொன்னேன். அவர் அதை விடாமல் செய்கிறார்.

ஹம்

இசைத்தட்டு வெட்டும்போது பாஸைக் குறைத்து டிரெபிளைக் கூட்டி வெட்டுவார்கள். இசைக்கும்போது அதைத் திருப்பிப் போட வேண்டும். 1954 முதல் இதற்கு ஆர்ஐஏஏ வளைகோடு பொது விதியாக இருக்கிறது. திருப்பிப் போடும்போது 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் 17 டெசிபல் உயர்த்தப்படும். நம் கரண்ட்டும் அதே 50 ஹெர்ட்ஸ். ஆக, எங்கிருந்தோ ஒரு துளி ஹம் நுழைந்தாலும் போனோ சுற்று அதை ஏழு மடங்காக்கித் தரும்.

மென்பொருளில் ஸ்பெக்ட்ரம், அதாவது எந்த அதிர்வெண் எவ்வளவு என்று காட்டும் படம், பார்த்தேன். 50, 100, 150 என்று வரிசையாகச் சிகரங்கள். வெறும் 50 மட்டும் உயர்ந்து நின்றால் பக்கத்து டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம் என்று சந்தேகிக்கலாம். இப்படி வரிசையாக நின்றால் கிரவுண்ட் சிக்கலைத் தேட வேண்டும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் பெரும்பகுதி அடங்கியது. அந்த லேப்டாப்பின் உலோக உடலைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும் என்று வீட்டில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். இரண்டும் ஒரே கதைதான். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டர் வழியாகச் செருகியிருந்தார்கள். எர்த் இல்லாததால் சார்ஜருக்குள் உள்ள வடிகட்டிக் கெபாசிட்டர் கசியவிடும் மின்னோட்டம் யுஎஸ்பி வழியாக கன்வெர்ட்டருக்கும், அங்கிருந்து டர்ன்டேபிள் கேபிளுக்கும் போய்க்கொண்டிருந்தது.

அடாப்டரை எடுத்துவிட்டு நேராகச் செருகியும் முழுக்கத் தீரவில்லை. வீட்டின் எர்த் குழியில் இருந்த ஜிஐ பைப் மண்ணுக்குள் துருப்பிடித்து அரித்துப்போயிருந்தது. மேல்மண் காய்ந்த மணல், கீழே உப்புத் தண்ணீர். இந்தப் பகுதியில் இரும்பு எர்த் ரொம்ப காலம் தாங்குவதில்லை. எலக்ட்ரீஷியன் வந்து புதுக் குழி போட்டு, எர்த் டெஸ்டரில் அளந்து கொடுத்தார். பாட்டுக்காகச் செய்த வேலை என்றாலும், ஆள் பாதுகாப்புக்கும் அது ரொம்ப நாளாகத் தேவைப்பட்ட வேலை.

டோன் ஆர்மிலிருந்து வரும் தனி எர்த் கம்பி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. கன்வெர்ட்டரில் அதற்கான திருகு இல்லை. உடலின் ஒரு உலோக ஸ்க்ரூவில் பிணைத்தேன். அப்புறம் மிச்சம் இருந்த 'கிர்ர்' சத்தத்துக்குக் காரணம் மின்விசிறி. எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் நடு வேகத்தில் இருக்கும்போது அலையை வெட்டி வெட்டி அனுப்பும், அந்தக் குப்பை கம்பியில் ஏறும். முழு வேகத்தில் வைத்தால் அடங்குகிறது, அணைத்தால் சுத்தமாகப் போகிறது. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது பதிவே வேண்டாம் என்று முடிவு செய்தோம். சித்திரை வெயிலில் விசிறி இல்லாமல் ஒரு எல்.பி. பக்கம் ஓடும் வரை உட்கார்ந்திருப்பது எளிதல்ல. காக்கா விடியற்காலை தொழுகை முடிந்து வந்து பதியத் தொடங்கினார். அந்த நேரம் தெருவும் அமைதி, மின்சாரமும் சுத்தம்.

பாட்டுக்குப் பின்னால் வானொலி

இந்தக் கரையில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும்: மதுரையில் இரைச்சலோடு வந்த நிலையம் இங்கே கணீரென்று வரும். மீடியம் வேவ் அலை தரையை ஒட்டிப் பயணிக்கிறது. காய்ந்த நிலம் அதை விழுங்கும். உப்புத் தண்ணீர் நன்றாக மின்சாரம் கடத்துவதால் கடல் வழியே இழப்பு மிகக் குறைவு. மன்னார் வளைகுடாவைச் சுற்றி இருக்கும் பலமான நிலையங்களின் அலை நம் வீட்டுக் கம்பிகளில் எல்லாம் இறங்கித்தான் கிடக்கிறது. ரேடியோவுக்கு அது வரம். மைக் ப்ரீஆம்புக்கு (சின்ன சிக்னலை முதலில் பெருக்கும் சுற்றுக்கு) தொல்லை.

எப்படி உள்ளே வருகிறது? நீளமான கேபிள் ஆன்டெனாவாகிறது. 60 டெசிபல் பெருக்கத்தில் இருக்கும் முதல் டிரான்சிஸ்டர், அந்த உயர் அதிர்வெண்ணைச் சரிசமமாகப் பெருக்க முடியாமல் ஒரு பக்கமாகத் திருத்துகிறது. அந்தக் காலத்து கிரிஸ்டல் ரேடியோ செய்த வேலை அதுதான். அதனால் அலையில் ஏறி வந்த பேச்சு பிரிந்து ஒலியாகிவிடுகிறது. அது ஒலியான பிறகு எந்த மென்பொருளாலும் பாட்டிலிருந்து பிரிக்க முடியாது. நுழைவதற்கு முன்னாலேயே தடுக்க வேண்டும்.

நீட்டிப்புக் கேபிளை எடுத்துவிட்டு, கன்வெர்ட்டரை டர்ன்டேபிளுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். ப்ரீஆம்ப் பக்க முனையில் உயர் அதிர்வெண்ணைத் தடுக்கும் கிளிப் வகை ஃபெரைட் மாட்டினேன். அடாப்டரைத் தூக்கிப்போட்டு முறையான கேபிள் செய்தேன்: ஆர்சிஏ நடுமுனை எக்ஸ்எல்ஆரின் 2ஆம் பின்னுக்கு, வெளிவளையம் 3ஆம் பின்னுக்கு, டோன் ஆர்ம் எர்த் மட்டும் 1ஆம் பின்னுக்கு. கார்ட்ரிட்ஜின் காயில் எந்தப் பக்கமும் கிரவுண்டோடு ஒட்டாமல் மிதப்பது. ஆகவே பேலன்ஸ்டு இணைப்புக்கு அது இயல்பாகவே பொருந்தும். இரண்டு கம்பியிலும் ஒரேபோல ஏறும் குறுக்கீடு உள்ளே கழிந்துபோகும். வானொலிப் பேச்சு மங்கியது. ஹெட்போனில் கூர்ந்து கேட்டால் மட்டும் முணுமுணுப்பாக மிஞ்சியது.

எந்த வழியில் பெருக்குவது

இந்த இடத்தில் இரண்டு பாதை. மைக் இன்புட்டிலேயே ஆர்ஐஏஏ திருத்தம் இல்லாமல் தட்டையாகப் பதிந்து, வளைகோட்டை மென்பொருளில் போடலாம். ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருளின் வளைகோட்டு ஈக்வலைசரில் ஆர்ஐஏஏ தயாராகவே இருக்கிறது. இன்னொன்று, மின்னழுத்தத்தை ஏற்றித் தரும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர் வைத்து மூவிங் மேக்னட் போனோ ப்ரீஆம்ப் வழியாக லைனுக்கு வருவது.

கணக்கைப் பாருங்கள். 40 ஓம் காயிலின் சொந்த வெப்ப இரைச்சல் சுமார் 0.11 மைக்ரோவோல்ட். நல்ல மைக் ப்ரீஆம்ப் தானாகச் சேர்ப்பது சுமார் 0.3 மைக்ரோவோல்ட். 0.3 மில்லிவோல்ட் அதைவிட ஆயிரம் மடங்கு, 60 டெசிபல் மேலே. எல்.பி.யின் பள்ள இரைச்சலும் ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கும் என்பதால் இது போதும், ஆனால் தாராளம் இல்லை. டிரான்ஸ்பார்மரோ முதல் டிரான்சிஸ்டரைத் தொடுவதற்கு முன்பே சிக்னலைப் பத்து மடங்காக்கிவிடுகிறது. அதைவிட முக்கியம், இந்த வீட்டைப் பொறுத்தவரை: அதன் இரண்டு சுருளுக்கும் நடுவே கம்பித் தொடர்பு இல்லை, ஆகவே கிரவுண்ட் வளையம் அறுபடுகிறது. வானொலி அலையையும் அது எளிதில் கடக்கவிடாது.

1:10 டிரான்ஸ்பார்மர் வைத்தோம். போனோ ப்ரீஆம்பின் 47 கிலோஓம், கார்ட்ரிட்ஜின் பக்கம் நூறில் ஒன்றாக, 470 ஓமாகத் தெரியும். 40 ஓம் கார்ட்ரிட்ஜுக்கு அது வசதியான சுமை. 0.3 மில்லிவோல்ட் 2.8 ஆகிறது, ப்ரீஆம்புக்குப் பிறகு 0.28 வோல்ட். கன்வெர்ட்டரில் சராசரி மைனஸ் 17 டெசிபலில் நிற்கிறது. கீறல் சத்தங்கள் திடீரென்று எகிறும் என்பதால் இன்னும் 3 டெசிபல் இறக்கி வைத்தேன். வானொலி போயேவிட்டது.

டிரான்ஸ்பார்மரின் வெளியீட்டை மைக் இன்புட்டில் செருகலாமே என்று மகன் போனில் கேட்டார். கூடாது. மைக் இன்புட் 2 கிலோஓம் என்றால் கார்ட்ரிட்ஜுக்கு அது 20 ஓமாகத் தெரியும். சிக்னலில் மூன்றில் இரண்டு பங்கு அங்கேயே தொலையும். இன்னொரு நுணுக்கம்: ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர் தானே காந்தப்புலத்தை உறிஞ்சும். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு அதைக் கையால் மெல்லத் திருப்பி, ஹம் குறைந்த கோணத்தில் நிறுத்தி, டர்ன்டேபிளின் பவர் பகுதியிலிருந்து தள்ளி வைத்தேன்.

ஆனாலும் மைக் வழியை முழுக்கக் கைவிடவில்லை. மோசமாகக் கீறிய சில இ.பி.க்களுக்கு அதுதான் சிறந்தது. ஆர்ஐஏஏ போடுவதற்கு முன் ஒரு கீறல் மிகக் குறுகிய கூர்முனையாக நிற்கும். மென்பொருள் அதைத் துல்லியமாகப் பிடித்து நீக்கும். வளைகோடு போட்ட பிறகு அதே கீறல் அகன்று பாட்டோடு கலந்துவிடும்.

பதிவு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐஏஎஸ்ஏ குறைந்தபட்சமாகச் சொல்வது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். பழைய கன்வெர்ட்டரே இதைத் தாராளமாகச் செய்கிறது. 192க்குப் போவதால் இந்தத் தட்டுகளில் கூடுதலாக ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. அந்தப் பணத்தில் டிரான்ஸ்பார்மரும் போனோ ப்ரீஆம்பும் எர்த் குழியும் முடிந்து மீதியும் இருந்தது.

தட்டுகளில் பூஞ்சை இருந்தது. டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, நிழலில் காயவைத்து, புதிய உறைகளில் போட்டோம். வாப்பா பென்சிலில் தேதி எழுதிய பழைய உறைகளைத் தனியாக ஸ்கேன் செய்து, அந்தந்தப் பாட்டின் கோப்போடு வைக்கச் சொன்னேன். கோப்புகள் இரண்டு ஹார்டு டிஸ்கில் இருக்கின்றன. ஒன்று கீழக்கரையில், இன்னொன்று சென்னையில் மகள் வீட்டில். அவர் அங்கே ஒவ்வொன்றாகக் கேட்டு, பாடியவர் பெயரும் வரிகளும் சரிபார்த்து எழுதி அனுப்புகிறார்.

78 தட்டுகள் மட்டும் அலமாரியிலேயே இருக்கின்றன. இந்த டர்ன்டேபிளில் 33⅓, 45 என்று இரண்டு வேகம்தான். அதைவிடப் பெரிய தடை ஊசி: டிஎல்-103இன் முனை 16.5 மைக்ரான், 78 தட்டின் அகலப் பள்ளத்துக்கு 65 முதல் 75 மைக்ரான் வரை வேண்டும். சின்ன முனை பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியை உரசிக்கொண்டு போகுமே தவிர, சுவரைத் தொடாது. அவை அரக்குத் தட்டுகள் என்பதால் ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும். துடைக்கவும் அதைத் தொடக் கூடாது. பெரும்பாலானவை 1954க்கு முந்தியவை, ஆகவே ஆர்ஐஏஏ வளைகோடும் பொருந்தாது. அவற்றுக்கு 78 வேகம் உள்ள வேறு டர்ன்டேபிளும் 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி கொண்ட மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜும் தேடிக்கொண்டிருக்கிறோம். அதுவரை அவற்றைப் படுக்கப் போடாமல் செங்குத்தாக நிற்கவைத்திருக்கிறார் காக்கா.